ஞாபகப்படுத்தாதே என்று நான் சொன்னது

போன மாதம் பழைய வார்டிலிருந்து ஒரு போன் வந்தது. இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிற பெண், ஒரு காலத்தில் என்னிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டவள். "வசந்தா சிஸ்டர், புதுப் படிவம் வந்துருக்கு. முதுகுத்தண்டு அடிபட்டவங்க எல்லாருக்கும் ஞாபக சக்திக்குன்னு தனியா ஒரு பக்கம். அஞ்சு வார்த்த சொல்லிட்டு கொஞ்ச நேரம் கழிச்சு திருப்பிக் கேக்கணுமாம். காலு வராதவங்களுக்கு இது எதுக்கு சிஸ்டர்? ஏற்கெனவே எழுதி எழுதி கை ஒடியுது" என்று புலம்பினாள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்களாம். நாலு வரி எழுதி வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொன்னாள்.

நாலு வரியில் அடங்குகிற விஷயம் இல்லை. அந்தப் பக்கம் எதற்கென்று எனக்குத் தெரியும். அது இல்லாத காலத்தில் நான் செய்த ஒரு காரியத்தை எழுதினால்தான் அது புரியும். எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் ஒரு பயந்தாங்கொள்ளி. வார்டில் என்னைக் கண்டால் எல்லோரும் நடுங்குவார்கள் என்று பின்னால் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். உண்மையில் நடுங்கியது நான்தான். நோயாளிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் கத்துவேன். நான் அதட்டாத நாளில்தான் நிம்மதியாக இருந்தேன் என்று அர்த்தம். அப்படிப்பட்ட நாட்கள் அதிகம் இல்லை.

படித்தது திருச்சியில். மூன்று வருஷம். முதல் அறுவை சிகிச்சையைப் பார்த்து மயங்கி விழுந்து, அந்த அறையில் எனக்கே ஒரு ஸ்ட்ரெச்சர் தேவைப்பட்டது. அதைத் தவிர அந்த மூன்று வருஷத்தில் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை கிடைத்தது பெரம்பலூரில். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கென்று பன்னிரண்டு கட்டில் இருந்த ஒரு வார்டில் போட்டார்கள். கடைசி வரை அங்கேதான் இருந்தேன்.

அங்கே வந்தவர்கள் எல்லோரும் விழுந்தவர்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை, பாறையை உடைத்துத் தோண்டியவை. தூர் வாரப் போய் விழுந்தவர்கள், பனையேறி விழுந்தவர்கள், சுண்ணாம்புக்கல் லாரி கவிழ்ந்து வந்தவர்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வளைகுடாவுக்குப் போய், அங்கே சாரத்திலிருந்து விழுந்து விமானத்தில் படுத்தபடியே திரும்பியவர்களும் உண்டு. தண்டுவடம் அறுந்த இடத்துக்குக் கீழே அவர்களுக்குக் காலும் வராது, உணர்ச்சியும் வராது.

கால் போவதைத்தான் ஊர் பேசும். எங்களுக்குப் பயம் உணர்ச்சி போனதில்தான். நீங்களும் நானும் ஒரே பக்கமாக உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் வலிக்கும், தானாகவே அசைந்துகொள்வோம். மூத்திரப்பை நிறைந்தால் முட்டும், எழுந்து போவோம். இதையெல்லாம் யோசித்தா செய்கிறோம்? அவர்களுக்கு வலிக்காது, முட்டாது. ஆகவே இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி இடுப்பைத் தூக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய ரப்பர் குழாயைத் தாங்களே விட்டு மூத்திரத்தை வடிக்க வேண்டும். உடம்பு சொல்லாததை எல்லாம் மனசு ஞாபகம் வைத்திருந்து செய்ய வேண்டும். தூக்க மறந்தால் புண் வரும். அந்தப் புண் எலும்பு வரை போகும், ஆளையே கொண்டுபோகும்.

வார்டு பொறுப்பில் அப்போது எஸ்தர் சிஸ்டர் இருந்தார்கள். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, சத்தமே வராத செருப்பு. காலையில் வந்ததும் யாரிடமும் பேச மாட்டார்கள். ஒவ்வொரு கட்டிலிலும் விரிப்பின் மேல் புறங்கையை வைத்து நீளமாகத் தடவிக்கொண்டே போவார்கள். ஒரு பிஸ்கட் தூள், ஒரு சுருக்கம், ஒரு கொக்கி கையில் பட்டால் அங்கேயே நிற்பார்கள். திட்ட மாட்டார்கள். அந்தத் தூளை எடுத்து நம் உள்ளங்கையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருக்கும் என்று தோன்றும்.

நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க நாலு பேர் வேண்டும். தலைக்கு ஒருவர், தோளுக்கு, இடுப்புக்கு, காலுக்கு. தலையைப் பிடிப்பவர்தான் எண்ண வேண்டும். எஸ்தர் சிஸ்டர் எண்ணுவதற்கு முன்னால் நோயாளியின் முகத்தைப் பார்த்து, "தம்பி, உன்ன இப்ப இடது பக்கம் திருப்பப்போறோம். நீ ஒன்னும் பண்ண வேணாம்" என்பார்கள். மயக்கத்தில் கிடப்பவனிடமும் சொல்வார்கள். அப்புறம் ஒன்று, இரண்டு, மூன்று. ஒரே பலகையைத் திருப்புவதுபோல் ஆள் திரும்புவார். ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் அன்று முழுவதும் அவள் கட்டிலருகே வர முடியாது.

அவர்களுக்கு ஒரு கொள்கை இருந்தது. கை நன்றாக இருக்கிறவனுக்கு யாரும் எதையும் செய்து கொடுக்கக் கூடாது. "கை இருக்குறவனுக்கு நீ ஊட்டுனா, அவன் கையையும் நீயே ஒடிக்கிற" என்பார்கள். நோயாளி குழாய் விடக் கற்றுக்கொள்ளும்போது பெண்டாட்டியை, அம்மாவைத் திரைக்கு வெளியே நிற்கவைத்துவிடுவார்கள். மூன்று நாள் யார் உதவியும் இல்லாமல் செய்து காட்டினால் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்புவோம். இந்தக் கண்டிப்பால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கடை நடத்துகிறவர்களை, பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களை எனக்குத் தெரியும். எஸ்தர் சிஸ்டர் ஓய்வுபெற்றதும் பொறுப்பு எனக்கு வந்தது. நானும் அதே கண்டிப்போடு இருந்தேன்.

அப்போதுதான் கொளஞ்சி வந்தார்.

கொளஞ்சிக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே வயது. ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று பார்த்து விரட்டுகிற வேலை. ஒரு நாள் பஸ் கூரைமேல் முந்திரி மூட்டை சரியாகக் கட்டவில்லை என்று தானே ஏணியில் ஏறியிருக்கிறார். கால் வழுக்கி மல்லாக்க விழுந்தார். நெஞ்சுக்குப் பின்னால் எலும்பு உடைந்து தண்டுவடம் நசுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை வெளியூரில் முடிந்து மூன்றாவது வாரம் எங்களிடம் வந்தார். கை இரண்டும் நல்ல பலம். தலையை ஸ்கேன் செய்து பார்த்திருந்தார்கள், ஒன்றும் இல்லை. "மண்டைக்கு ஒன்னும் இல்ல, அதுவரைக்கும் கொளஞ்சியப்பர் சாமி காப்பாத்திட்டாரு" என்று அவர் மனைவி அஞ்சலை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். நாங்களும் அதையே நம்பினோம்.

வந்த புதிதில் வார்டுக்கே அவர்தான் பொழுதுபோக்கு. யாருடைய சொந்தக்காரராவது கிளம்பினால், "இப்ப போனீங்கன்னா விருத்தாசலம் வண்டி கெடைக்கும், அத விட்டா முக்கா மணி நேரம் நிக்கணும்" என்று படுத்தபடியே சொல்வார். கும்பகோணம், அரியலூர், அரும்பாவூர் என்று எதைக் கேட்டாலும் பஸ்ஸின் பெயரோடு, டிரைவரின் பெயரோடு வரும். அவர் வேலை பார்த்த பஸ் முதலாளிகள் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். நாற்காலியில் உட்கார முடிந்தால் போதும், டைம் ஆபீசில் அவர் இடம் அப்படியே இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம்.

இரண்டாவது மாதத்தில் கொஞ்சம் மாறினார். பஸ் நேரம் கேட்டால், "போய் நின்னா எதாவது வரும், என்ன அவசரம்?" என்று சிரிப்பார். நாங்களும் சிரித்தோம். நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாறும்போது பிரேக் போட மறப்பார். சொன்னதைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் சொன்ன பயிற்சியை மாலையில் கேட்டால், "நீங்க அதச் சொல்லவே இல்லையே சிஸ்டர்" என்பார். எனக்கு எரிச்சல் வரும். மனசு விட்டுவிட்டது, அடிபட்ட எல்லோருக்கும் வருகிற சோர்வு என்று நினைத்தேன். அவருடைய தாளில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "கவனமின்மை. ஒத்துழைப்பு குறைவு."

ஆனாலும் குழாய் விடும் பரீட்சையில் மூன்று நாளும் தேறிவிட்டார். எப்படித் தேறினார் என்று பிறகு யோசித்தேன். வார்டில் எல்லாமே ஞாபகப்படுத்தும். டீ வரும், மணி அடிக்கும், பக்கத்துக் கட்டில்காரர் குழாயை எடுப்பார், நான் வந்து நிற்பேன். அங்கே யாருக்கும் ஞாபகம் தேவையில்லை. அப்படியொரு இடத்தில் பரீட்சை வைத்துவிட்டு, ஒன்றுமே ஞாபகப்படுத்தாத ஒரு வீட்டுக்கு அவரை அனுப்பினேன்.

வேலையின் கடைசி வருஷங்களில் எங்களை வீடுகளுக்கும் அனுப்புவார்கள். ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். ஜெயங்கொண்டத்துக்கு வெளியே, முந்திரித் தோப்புக்கு நடுவே போகிற ரோட்டின் ஓரத்தில் வீடு. போய் உட்கார்ந்து அரைமணி நேரத்தில் அஞ்சலை மூன்று முறை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "ஏங்க, தூக்கிட்டீங்களா?" "ஏங்க, மணி பத்தாவப்போவுது, குழாய எடுங்க." அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்று அதைச் செய்வார்.

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

"அஞ்சல, நீ என்ன அவருக்கு அலாரமா? வேலைக்குப் போவ வேணாமா? நாளைக்கு உனக்கு ஒடம்பு முடியலன்னா யாரு சொல்லுவா?"

"அவரு மறந்துடுறாரு சிஸ்டர்."

"மறக்கலம்மா. சோம்பல். நீ சொல்லுவேன்னு தெரிஞ்சா யாருக்குத்தான் ஞாபகம் வரும்? இன்னையிலேருந்து வாயத் தொறக்காத. ஒரு தடவ துணி நனஞ்சு அசிங்கப்பட்டாருன்னா தானா வரும்."

அவள் அவரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்தாயா, ஒப்புக்கொள்கிறார் என்று எனக்குத் தோன்றியது. செல்போனில் அலாரம் வைத்துக் கொடுத்துவிட்டு, ஒரு நல்ல காரியம் செய்த நினைப்போடு பஸ் ஏறினேன்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் வேறொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அது முடிந்து, போகிற வழிதானே என்று இறங்கினேன். பதினொன்றரை மணி இருக்கும். நல்ல வெயில். வாசலில் அஞ்சலை நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்திருந்தாள். "தலவலின்னு சொல்றாரு சிஸ்டர், காலையிலேருந்து" என்றாள்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். முகம் ரத்தமாகச் சிவந்து, நெற்றியிலிருந்து வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. சட்டையைத் தூக்கினேன். நெஞ்சுக்கு மேலே நெருப்பு, கீழே தோல் வெளுத்துச் சிலிர்த்துப்போய்க் கிடந்தது. "மண்ட பொளக்குது சிஸ்டர், கண்ணு தெரியல" என்றார். இது என்னவென்று எனக்குத் தெரியும். நெஞ்சளவில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, கீழே மூத்திரப்பை அளவுக்கு மீறி நிறைந்தால் உடம்பு பதறி ரத்த அழுத்தத்தை மேலே ஏற்றிக்கொண்டே போகும். நிறுத்தாவிட்டால் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து உயிர் போய்விடும். வார்டில் பார்த்திருக்கிறேன், டாக்டர் பக்கத்தில் இருக்கும்போது. இங்கே நான் மட்டும்.

முதலில் நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். படுத்திருந்தால் அழுத்தம் தலைக்கு ஏறும். நானும் அஞ்சலையும் இழுத்து உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட்டோம். இடுப்பு வேட்டியைத் தளர்த்தினேன். அழுத்தக் கருவியைக் கட்டினேன். அவருக்கு வழக்கமாக நூறுதான் இருக்கும். இருநூற்று நாலு காட்டியது. தொப்புளுக்குக் கீழே கை வைத்தால் கல்லாக இருந்தது. குழாய்ப் பை எங்கே என்று கேட்டேன். அஞ்சலை கொண்டுவந்தாள். கையைக் கழுவி, மரத்துப்போக வைக்கும் களிம்பைத் தடவி, ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். களிம்பு வேலை செய்யாமல் குழாயை விட்டால் அந்த உரசலிலேயே அழுத்தம் இன்னும் ஏறும். அந்த ஒரு நிமிஷத்தை நான் வாய்விட்டு எண்ணினேன்.

குழாய் உள்ளே போனதும் வடிய ஆரம்பித்தது. பாதியில் குழாயை மடக்கிப் பிடித்து நிறுத்தி அழுத்தம் பார்த்தேன். நூற்று எண்பது. மறுபடி விட்டேன். நூற்று ஐம்பது. தொள்ளாயிரம் மில்லிக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. நூற்றுப் பத்துக்கு இறங்கியதும்தான் நான் தரையில் உட்கார்ந்தேன். அவர் முகத்தில் சிவப்பு வடிந்து, கண்ணைத் திறந்து, "தேவலாம்" என்றார். அவரைத் திருப்பிப் படுக்கவைத்துப் பார்த்தபோது முதுகின் அடியில், வால் எலும்புக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக இருந்தது. விரலால் அழுத்தினால் வெளுக்கவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று என் வார்டில் எல்லோருக்கும் தெரியும். புண் உள்ளே தொடங்கிவிட்டது.

ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு, பயத்தை எல்லாம் கோபமாக்கி அஞ்சலையின் மேல் பாய்ந்தேன். "கடைசியா எப்ப குழாய் விட்டாரு? நீ பாக்கலையா? வூட்டுலதான இருந்த?"

அஞ்சலை அழவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு சிஸ்டர். ஒம்போது ஆச்சு, பத்து ஆச்சு. நான் இந்தக் கதவுகிட்டயேதான் நின்னேன். அடுப்புல ஒல வைக்கல. நாலு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க சொல்லாதன்னு சொன்னீங்கல்ல, முழுங்கிட்டேன்."

தலைவலி வந்தால் என்ன அர்த்தம், உடனே என்ன செய்ய வேண்டும் என்ற பாடத்தை நாங்கள் கொளஞ்சிக்குத்தான் நடத்தியிருந்தோம். அவளைத் திரைக்கு வெளியே நிற்கவைத்திருந்தோம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும் வரை உட்கார்ந்திருந்தேன்.

வார்டில் அப்போது புதிதாக டாக்டர் நஸ்ரின் சேர்ந்திருந்தார். லப்பைக்குடிக்காட்டுப் பெண். என் மகள் வயதுதான், ஆனால் நிதானம் அதிகம். புண்ணைப் பார்த்துவிட்டு, கொளஞ்சியின் வார்டுத் தாளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "ஒத்துழைப்பு குறைவு" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். கொளஞ்சியின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஐந்து வார்த்தை சொன்னார். செருப்பு, மாம்பழம், கோயில், ரயில், பச்சை. ஐந்து நிமிஷம் வேறு என்னவோ பேசிவிட்டுத் திருப்பிக் கேட்டார். "மாம்பழம்" என்றார் கொளஞ்சி. ரொம்ப நேரம் கழித்து, "செருப்பு." அவ்வளவுதான். பிறகு ஜெயங்கொண்டத்திலிருந்து கும்பகோணம் வரை பஸ் நிற்கிற ஊர்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார். இருபது வருஷம் அந்த ரூட்டைக் கட்டி மேய்த்த மனிதர் மூன்றாவது ஊரில் நின்றுவிட்டார். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தார். அதே இடத்தில் மறுபடி நின்றார். அவர் கண்ணில் நான் பார்த்த பயத்தை அதற்கு முன்னால் எந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை. கால் இனி வராது என்று கேட்டவர்களிடம்கூட.

"தெரியும் டாக்டர்" என்றார் மெதுவாக. "ரொம்ப நாளாவே தெரியும். அந்த போனு அடிக்கும், நான் நிறுத்துவேன். நிறுத்துனதோட வேல முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சுக்குவேன். காலுதான் போச்சுன்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க. மண்டையும் போச்சுன்னு தெரிஞ்சா வூட்டுல ஒரு பேச்சுக்குக்கூட யாரும் என்னக் கேக்க மாட்டாங்க. சிஸ்டர் சோம்பேறின்னு சொன்னாங்க. அது எனக்கு சௌரியமா இருந்துச்சு. பைத்தியம்னு பேரு வாங்குறதுக்கு சோம்பேறி எவ்வளவோ மேலு."

வெளியே வந்து டாக்டர் நஸ்ரின் எனக்கு விளக்கினார். அடி முதுகில் பட்டாலும், அதனால் உண்டாகிற அழற்சி அங்கேயே நிற்பதில்லை. மூளையில் காவலுக்கு இருக்கிற சில செல்கள் உசுப்பப்பட்டு, மாதக்கணக்கில் அடங்காமல் கனன்றுகொண்டே இருக்கலாம். ஞாபகத்துக்கான இடத்தில் நரம்புச் செல்கள் அதனால் பாதிக்கப்படலாம். எலிகளில் இதைத் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள், மனிதர்களில் எவ்வளவு என்று இன்னும் முழுசாகத் தெரியாது. கூடவே வேறு காரணங்களும் இருக்கும். சரியாகத் தூங்காதது, ரத்த அழுத்தம் எப்போதும் தாழ்ந்தே இருப்பது, அடிக்கடி வருகிற மூத்திரக் கிருமி, தசை இழுப்புக்கும் நரம்பு எரிச்சலுக்கும் நாம் கொடுக்கிற மாத்திரைகள், துக்கம். "இதுல எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது சிஸ்டர். திருத்த முடிஞ்சத திருத்துவோம். ஆனா ஒன்னு, அவரு வேணும்னு பண்ணல" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையோடு நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கொளஞ்சியை நினைத்து மட்டும் இல்லை. "ஒத்துழைப்பு குறைவு" என்று இத்தனை வருஷத்தில் எத்தனை தாளில் எழுதியிருக்கிறேன்? அரும்பாவூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார், டிராக்டர் கவிழ்ந்து அடிபட்டவர். வீட்டுக்குப் போன ஒரே வருஷத்தில் புண் வந்து இறந்துபோனார். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, என்ன செய்ய முடியும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அவருக்கும் மறந்திருக்குமோ? இனி யாரிடம் போய்க் கேட்பது? இப்போதும் சில நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அவர் முகம் வரும். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

எஸ்தர் சிஸ்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "நானும் நெறைய எழுதியிருக்கேன் வசந்தா" என்றார்கள்.

கொளஞ்சியின் புண் ஆறக் கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆனது. குப்புறப் படுத்தே இருந்தார். தினமும் நான்தான் கட்டு மாற்றினேன், வேறு யாரையும் விடவில்லை. டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் குறைத்தார், தூக்கத்தைச் சரிசெய்தார். கொஞ்சம் தெளிவு வந்தது. கும்பகோணம் ரூட்டில் மூன்றாவது ஊரைத் தாண்டினார். ஆனால் பழைய கொளஞ்சி திரும்பி வரவில்லை. டைம் ஆபீஸ் வேலையைத் தன்னால் இனி பார்க்க முடியாது என்று முதலாளிகளிடம் அவரே சொல்லிவிட்டார். அதைச் சொன்ன அன்று ஒரு வேளைச் சோறுகூடச் சாப்பிடவில்லை.

அவரை மறுபடி வீட்டுக்கு அனுப்புவதற்கு நான் பயந்தேன். அஞ்சலை முந்திரி உடைக்கிற கொட்டகைக்கு வேலைக்குப் போயாக வேண்டும். காலையிலிருந்து சாயங்காலம் வரை அவர் தனியாக இருப்பார். இந்த முறை அஞ்சலையைத் திரைக்கு உள்ளே உட்காரவைத்து எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தேன். ஆனால் அவள் இல்லாத நேரத்துக்கு எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. வழி கண்டுபிடித்தவள் அவள்தான். ஒரு நாள் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், டிரைவர், கண்டக்டர் எல்லோரும் டீ குடிக்கிற நேரத்தில் நடுவில் நின்று சொல்லியிருக்கிறாள்: "ஒங்க டைம் கீப்பருக்கு மறக்குது. நீங்க எங்க வூட்டு வழியாத்தான போறீங்க?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ரோட்டில் போகிற ஒவ்வொரு பஸ்ஸும் அவர் வீட்டு வாசலில் வேகத்தைக் குறைத்து ஹார்ன் அடிக்கும். அவர் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதை டிரைவர் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டி நகரும். பத்து மணி வண்டியிலும் இரண்டு மணி வண்டியிலும் கண்டக்டர் படியில் நின்று, "டைம் கீப்பரே, உள்ள போங்க!" என்று கத்துவார். அவர் குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போவார். ஒரு காலத்தில் இவர் அவர்களை விரட்டினார், இப்போது அவர்கள் விரட்டுகிறார்கள் என்று ஊரில் கேலி பேசிக்கொள்கிறார்கள். செல்போனை நிறுத்திவிடலாம், பஸ்ஸை நிறுத்த முடியாது. பஸ் ஓடாத நாளில் அஞ்சலை வேலைக்குப் போவதில்லை. எங்கேயாவது பஸ் மறியல், புயல் என்று செய்தி வந்தால் பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு உடனே அஞ்சலைக்குப் போன் செய்வேன்.

ஓய்வுபெறுவதற்கு முந்தின வாரம் கடைசியாக ஒருமுறை அங்கே போனேன். புண் இருந்த இடத்தைப் பார்த்தேன், தோல் நன்றாக மூடியிருந்தது. அழுத்தம் சரியாக இருந்தது. அஞ்சலை அன்று லீவு போட்டுவிட்டு எனக்காகக் கறிக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். கிளம்ப எழுந்தபோது கொளஞ்சி என் பையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், ஒன்னு கேக்கறேன். மறைக்காம சொல்லணும். இது இதோட நிக்குமா, இன்னும் ஏறுமா? அஞ்சலையப் பாத்து நீ யாருன்னு கேக்குற அளவுக்குப் போயிடுமா?"

முப்பது வருஷத்துக்கு மேல் இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் ஒன்றும் ஆகாது, பயிற்சியை ஒழுங்காகச் செய்யுங்கள் என்று அதட்டிவிட்டுப் போயிருக்கிறேன். அன்று மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

"தெரியல கொளஞ்சி" என்றேன். "டாக்டருக்கும் தெரியாது. எனக்கும் பயமாத்தான் இருக்கு."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. அஞ்சலை கேட்டுவிட்டாள். போகிற போக்கில் இவர்கள் நிம்மதியைக் கெடுத்துவிட்டேனே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது. கொளஞ்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையை விட்டுவிட்டார்.

"இப்பதான் சிஸ்டர் கொஞ்சம் தேவலாம்போல இருக்கு" என்றார். "அன்னிக்கு இதே எடத்துல ஒக்காந்து, மறக்கல, சோம்பல்னு அடிச்சுச் சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு இந்த வூட்டுல நான் ஒருத்தன்தான் பயந்துக்கிட்டு கெடந்தேன். இப்ப மூணு பேரு பயப்படுறோம்."